மலையிலிருந்து குளத்தடிக்கு

பிழைப்புத் தேடிப் பிறநிலம் சென்றவனைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கேள்விகளே பெரும்பாலும் எழுகின்றன. எவ்வளவு பொருள் சேர்த்தான் என்பது ஒன்று. பிறந்த ஊரை மறந்துவிட்டானா என்பது மற்றொன்று. சென்ற இடத்தில் அவன் எதனைக் கற்றான் என்று கேட்பார் அரியர். கூலிக்கு உழைப்பவனுக்குக் கல்வி ஏது என்ற எண்ணம் நம் உள்ளத்தின் ஒரு மூலையில் ஒளிந்திருப்பதே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை உணர்வதற்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மக்களின் வாழ்வை ஒருமுறை உற்று நோக்கினால் போதும்.

கிளிநொச்சியைச் சூழ்ந்த தொண்டமான்நகர், பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய கிராமங்களை அறியாதார் வன்னியில் இல்லை. அங்கு வாழ்வோரில் பலருடைய பாட்டனும் பாட்டியும் தேயிலை மலைகளில் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பாட்டன்மாரோ தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்தவர்கள். ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்குள் இருமுறை புதுநிலம் புகுந்து, இருமுறையும் வாழ்க்கையை அரிச்சுவடியிலிருந்து தொடங்கியிருக்கின்றது. இத்தகைய மாணாக்கரை எந்தப் பல்கலைக்கழகத்தில் காண இயலும்?

வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நன்று. 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, மலையகத் தமிழர் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தும் காட்டினர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய கூலியாட்கள், வன்னியின் தென்மேற்கு விளிம்பையொட்டிய காட்டுவழியே, மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் நீர்வேட்கைக்கும் இரையானோர் பலர். பின்னாளிலேயே இந்நடை ஓய்ந்தது. அந்த முதல் தலைமுறைக்கு இவ்வறண்ட வட்டாரக் காடு அஞ்சிக் கடக்க வேண்டிய இடம். தங்குவதற்கு உரிய இடம் அன்று. எந்தக் காட்டை விரைந்து கடந்து உயிர்தப்பினால் போதுமென்று முன்னோர் எண்ணினரோ, அக்காட்டுப் பக்கமே உயிர்தப்பிப் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தனர்.

அவர்கள் திரும்பியது விரும்பியன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களைத் தொகையிட்டு, ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களைப் பசி வாட்டிற்று. 1977 ஓகஸ்டில் இனக்கலவரம் மூண்டது. 1983 யூலையில் அதனினும் கொடியது நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் லயத்து வாசலில் மூட்டை கட்டிய குடும்பங்கள் வடக்கு நோக்கி வந்தன. எழுபதுகளின் பிற்பகுதியில் வவுனியாவில் மருத்துவர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீய இயக்கம் இவர்களிற் பலருக்குக் குடியிருப்புகளை அமைத்துக் கொடுத்தது. அப்பணிக்காகச் சிறைப்பட்ட மருத்துவர், 1983 யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார் என்பதை இத்தலைமுறை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு வந்த ஒரு தொழிலாளியை மனக்கண்முன் நிறுத்துவோம். அவன் பெயர் எதுவாயினும் ஆகுக.

தோட்டத்தில் அவன் வாழ்நாளை அளந்தது தப்பொலி. விடியுமுன் தப்பு முழங்கும், பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும், கங்காணி பெயர் பதிவார், குறித்த நிறை கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர். இன்ன மலையில், இன்ன நிரையில், இன்ன நேரம் வரை என எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்தனர். வன்னிக்கு வந்த முதல்நாள் விடியலில் எந்தத் தப்பும் முழங்கவில்லை. எழுப்புவார் இல்லை, ஏவுவார் இல்லை. முன்னே காடு, கையிலே கத்தி. இன்று எந்தப் பற்றையை வெட்டுவது, எதனை விதைப்பது, எப்போது ஓய்வது என்பனவற்றை அவனே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. விடுதலை இனிது என்று மேடையிற் பேசுவோம். அது பாரமானதும் என்பதை அவன் அன்று அறிந்தான். விளைச்சல் தனதானால் நட்டமும் தனதே. யானை புகுந்து ஓர் இரவில் அழித்த பயிருக்கு அரைப்பேர் போடுவாரும் இல்லை. தன்னைத் தானே ஏவிக்கொள்ளுதல் என்பதே அவன் கற்ற முதற் பாடம்.

இரண்டாவது பாடத்தைக் குளம் கற்பித்தது. மலையில் நீர் ஒரு பொருட்டன்று. பாறையிடுக்கிற் சுரந்து, லயத்தருகே பீலியில் இரவும் பகலும் வீழ்ந்துகொண்டிருக்கும் நீரை அளந்து பார்த்தவர் எவர்? வன்னியிலோ நீரே செல்வம், நீரே நாட்காட்டி. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழையைக் குளம் ஏந்திக்கொள்கின்றது. அது காலபோகத்துக்குத் துணைநின்று, எஞ்சியதைச் சிறுபோகத்துக்கு வைத்திருக்கின்றது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவாயினும், முத்தையன்கட்டாயினும், வவுனிக்குளமாயினும், பெயர் தெரியாத சிற்றூர்க் குளமாயினும் நியதி ஒன்றே. சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் இத்தனை அடி நீர் உண்டு. இத்தனை ஏக்கருக்கே போதும் எனக் கணக்கிடுகின்றனர். நீர் குறைந்த ஆண்டில் உள்ள நிலத்திற் பங்கிட்டுப் பயிரிட உடன்படுகின்றனர். ஒருவன் மிகுதியாகத் திறந்தால் கடைமடையில் மற்றொருவன் பயிர் கருகும் என்பதை ஒவ்வொருவரும் அறிவர். வாய்ச்சண்டை இல்லாமல் இல்லை; வாய்க்காலை இரவில் வெட்டுவோரும் இல்லாமல் இல்லை. ஆயினும், குறைவு வந்தபோது கூடியிருந்து பங்கிடல் என்னும் அறம் அங்கு நூலில் அன்று, துருசுக் கதவில் எழுதப்பட்டிருக்கின்றது. தன் கருத்தை எவரும் கேட்டிராத தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு இக்காட்சி புதுமையாக இருந்திருக்கும்.

மூன்றாவது பாடம் மரத்தினால் வந்தது. லயத்து அறை வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அறையும் போகும். அங்கு ஒரு தென்னையை நட்டு, அதன் காயை மகன் பறிப்பான் என்று எவன் எண்ணுவான்? வன்னியில் அவன் கிணறு தோண்டினான், மா நட்டான், பலா நட்டான், தென்னை நட்டான். தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டு செல்லும். அதனை நடுபவன், ஆறேழு ஆண்டின் பின்னும் தான் இங்கேயே இருப்பேன் என்று நிலத்தோடு உடன்படிக்கை எழுதுகின்றான். நாடற்றவன் என்று இரு அரசுகளும் ஏட்டில் எழுதியிருந்த காலத்தில், ஒரு கன்றை நட்டு அவ்வேட்டை மறுத்த மனிதனின் துணிவை நாம் போதியளவு போற்றவில்லை. எஞ்சிய நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின்னர்ப் போர் அம்மரங்களை முறித்தது. 2009இல் வன்னி முழுவதும் பெயர்ந்தபோது அவனும் பெயர்ந்தான். செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்தின்கீழ் இருந்தான். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படுமுன் ஊர் திரும்பியோர், தலையற்ற தென்னைகளையும் தூர்ந்த கிணறுகளையும் கண்டனர். மீண்டும் கன்று நட்டனர். இதனை எவரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. அவர்களே நமக்குக் கற்பித்தது.

இனிக் கசப்பான பாடத்துக்கு வருவோம். இதனை மறைத்து எழுதுதல் எழுத்துக்குச் செய்யும் துரோகமாகும். மொழி ஒன்றானால் மக்களும் ஒன்றாவர் என்று நம்பியே மலையகத்தவன் வடக்கு நோக்கி வந்தான். வந்த இடத்தில் அவன் கேட்ட சொல் ஒன்று உண்டு. ‘தோட்டக்காட்டான்’ என்னும் அச்சொல்லை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை நாவுகள் எத்தனை ஆண்டுகள் கூசாது உச்சரித்தன! வயலில் அவன் உழைப்பு வேண்டப்பட்டது. திருமணப் பேச்சில் அவன் ஊர் விசாரிக்கப்பட்டது. ஆபத்தில் அடைக்கலம் கொடுத்த கையும், அமைதியான நாளில் அவனைத் தள்ளிவைத்த கையும் ஒரே கையாக இருந்ததை அவன் கண்டான். முகத்தைச் சுழிக்காது சொல்வதானால், தமிழர் ஒற்றுமை என்னும் சொல்லுக்கு எவ்வளவு ஆழம் உண்டு என்பதை வேலிக்கு வெளியே நின்று அளந்தறிந்தவன் அவன் ஒருவனே.

இந்நிலத்தில் ‘வந்தவன்’ என்று எவன் எவனைச் சுட்டுவது? இரணைமடுவின் கீழ் முப்பதுகளில் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் புதியவரே. பழைய குளத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வன்னிக் குடிகளை ‘காட்டார்’ என்று பட்டினத்தார் எள்ளிய நாட்களும் இருந்தன. எள்ளப்பட்டவன் வேறொருவனை எள்ளுவதற்குத் தேடுவது மனித இயல்பின் இழிந்த பகுதி. காடு வெட்டிய கைகளின் வரிசையில் முதற்கை எது, கடைசிக்கை எது என்று பார்த்து மதிப்பளிப்பது நீதியாகாது.

கடல் கடந்த மறுகரையிலும் இதே கதைதான். ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோரிற் பலருக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் 1968ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிற்று. மூதாதையர் மண்ணுக்கே சென்றவர்கள் அங்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர் பெற்றனர். இங்கே ‘இந்தியாக்காரன்’, அங்கே ‘சிலோன்காரன்’! ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்து, ஒருவர் நீலகிரிக்கும் மற்றவர் கிளிநொச்சிக்கும் சென்றிருந்தால், இருவரும் கற்ற பாடம் ஒன்றாகவே இருந்திருக்கும். இன்று வன்னி இளைஞரும் பெண்களும் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். அங்கு அவர்கள் மதிக்கப்படவேண்டும் என்று விரும்பும் நாம், நம் வேலியோரத்து அயலவனை எவ்வாறு மதித்தோம் என்பதை முதலில் எண்ணவேண்டாமா?

இது உபசார வார்த்தையால் தீரும் செய்தியன்று. மலையகத்திலிருந்து வந்தோர் வாழும் கிராமங்கள் பல, குளத்து நீர் எட்டாத மேட்டுநிலங்களில் அமைந்துள்ளன. நீர்ப்பாசன வயல் இல்லாதவனுக்குக் கமக்காரர் கூட்டத்தில் இடமில்லை. அழகிய அந்தப் பங்கீட்டு அறத்தை அவன் பிறர் வயலிற் கூலிக்காரனாக நின்றே பார்க்கின்றான். காணி அனுமதிப்பத்திரம் இன்றி நாற்பது ஆண்டு ஒரே வளவில் வாழும் குடும்பங்களும் உள்ளன. பத்திரம் இல்லாதவனுக்கு வீட்டு உதவியும் கடனும் எட்டாக்கனி. தென்னை நட்டு அவன் எழுதிய உடன்படிக்கையில் அரசு இன்னும் கையெழுத்திடவில்லை என்றே கொள்ளவேண்டும். வாழ்ந்த ஆண்டுகளையும் வளர்ந்த மரங்களையும் சான்றாகக் கொண்டு காணி உரிமை வழங்குதல், மேட்டுநிலக் கிராமங்களுக்குக் கிணறும் சிறு குளமும் ஏற்றுநீர்ப் பாசனமும் அமைத்தல் ஆகிய இரண்டும் சலுகைகள் அல்ல, நெடுநாள் நிலுவைகள்.

ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1977இல் இருபது வயதில் மூட்டையோடு வந்தவருக்கு இன்று எழுபதை அண்மிய வயது. தப்பொலியையும், காட்டில் முதல் இரவையும், முதல் விளைச்சலையும், கேட்ட முதல் வசையையும் தம் வாயால் சொல்லவல்ல தலைமுறை நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கின்றது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தோட்டத்தின் கதையைச் சொன்னது, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்பின் வாழ்வைச் சொன்னது. அம்மலைக்கும் இக்குளத்துக்கும் இடையே கிடக்கும் நெடுவழியின் கதையை எழுதவேண்டிய கைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவரிடம் அமர்ந்து ஓர் ஏட்டை நிரப்பட்டும். மலையகப் பாட்டியின் பேரன் எழுதுவதை யாழ்ப்பாணத்து ஆச்சியின் பேத்தியும், வன்னிக் கிழவனின் பேரனும் வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். அவ்வாறு படித்த பிள்ளையின் நாவில் அந்தப் பழைய வசைச்சொல் எளிதில் ஏறாது.

வந்தவன் தன் பாடத்தைக் கற்றுவிட்டான். குளத்தின் அளவறிந்து நீரைப் பயன்படுத்தவும், முறிந்த இடத்தில் மறுபடியும் கன்று நடவும் அவன் பழகிவிட்டான். அவனை ஏற்ற நிலம் கற்கவேண்டிய பாடமே எஞ்சியிருக்கின்றது. குளத்து நீரைப் பங்கிடத் தெரிந்த நாம், நிலத்தையும் மதிப்பையும் பங்கிட இனியேனும் முன்வருவோமாக.