உள்ளங்கை அகல அட்டை

வாஷிங் மெஷினோடு வந்த 72 பக்கக் கையேட்டை அம்மா இரண்டு முறை புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆறு மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. ஒன்றும் சொல்லாமல் அதை மேசை டிராயரில் வைத்துவிட்டு, புடவையை வாளியில் ஊறவைக்கப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா 26 ஆண்டுகள் பாடம் நடத்தியவர். படிக்கப்போவது யார் என்று ஒரு நிமிடம்கூட நினைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கோபம் வரும்போதெல்லாம் எனக்கு மேரி எல்லிஸ் நினைவுக்கு வருவார்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 1917-இல் பிறந்த விவசாயி மகள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே விமானம் ஓட்டக் கற்றிருந்தார். பெண் விமானிகள் தேவை என்று வானொலியில் கேட்டு, 1941-இல் ‘ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி’யில் சேர்ந்தார். தொழிற்சாலையிலிருந்து விமானப்படைத் தளங்களுக்குப் போர் விமானங்களை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. தரையோடு பேச ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். போர் முடிவதற்குள் சுமார் ஆயிரம் விமானங்களைச் சேர்த்திருந்தார், அவற்றில் 76 வகை.

சில வகைகளை அன்றுதான் முதன்முதலாகத் தொடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை. கையில் இருந்தது ‘ஃபெர்ரி பைலட்ஸ் நோட்ஸ்’ என்ற சிறு புத்தகம். வளையத்தில் கோத்த அட்டைகள், பைக்குள் அடங்கிவிடும். எந்த வேகத்தில் மேலே எழும்ப வேண்டும், சக்கரத்தை எப்படி இறக்குவது, எந்த வேகத்தில் தரைக்கு வருவது. வானத்தில் வித்தை காட்ட அது சொல்லித்தராது. பத்திரமாகக் கொண்டுபோய் இறக்க எது வேண்டுமோ, அது மட்டும். ஓட்டுபவரை மதித்து எழுதிய எழுத்து. நான் அறிந்த கையேடுகளில் இதற்கு இணை இல்லை.

ஐந்தாறு பேர் சேர்ந்து இயக்கும் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்தை ஒருமுறை தனியாளாக ஓட்டிவந்து இறக்கினார் மேரி. தளத்தில் இருந்தவர்கள் விமானி எங்கே என்று கேட்டார்கள். நான்தான் என்றார். நம்பாமல் உள்ளே ஏறித் தேடினார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கொதிக்கும். அந்த அமைப்பில் ஆண்களுக்குச் சமமான சம்பளம் பெண்களுக்கு 1943-இல்தான் வந்தது.

போருக்குப் பின் வைட் தீவில் சாண்டவுன் விமானத் தளத்தை 20 ஆண்டுகள் நடத்தினார். 2018 ஜூலையில், 101 வயதில் காலமானார்.

நேற்று இரவு ஒரு போஸ்ட் கார்டை எடுத்து அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். முதலில் தண்ணீர்க் குழாய், பிறகு எந்தப் பட்டன், கதவு எப்போது திறக்கும். எட்டே வரி. இன்று காலை மெஷின் ஓடியது. உங்கள் வீட்டு டிராயரிலும் அப்படியொரு கையேடு கிடக்கும். எடுத்துப் படித்து, வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள்.