‘கதிரை’ என்று சொன்னால் பிழையா? வன்னிக்கு ஒரு பேச்சுச் சிகிச்சைக் கலாநிதி ஏன் தேவை

தலையில் காயப்பட்டோ பாரிசவாதத்தாலோ பேச்சை இழந்த ஒருவரைச் சோதிக்கும்போது படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். இருக்கையின் படத்துக்கு எங்கள் ஆட்கள் ‘கதிரை’ என்பார்கள். தமிழ்நாட்டு வழக்கில் எழுதப்பட்ட சோதனைத்தாளில் விடை ‘நாற்காலி’ என்றிருக்கும். சவர்க்காரம், துவாய், சப்பாத்து, அலுமாரி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சொல் மாறினால் அனுபவமுள்ள சிகிச்சையாளர் சமாளித்துக்கொள்வார். உச்சரிப்பில்தான் சிக்கல் பெரிது. ‘காற்று’ தமிழ்நாட்டுப் பேச்சில் ‘காத்து’ ஆவது இயல்பு. நான்கு வயது வன்னிப் பிள்ளை ஒன்று ‘காத்து’ என்றால் அது மழலையா, குறைபாடா, வீட்டு வழக்கா? 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சு ஒரு விதம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு இன்னொரு விதம், பழைய வன்னிக் கிராமங்களின் பேச்சு வேறு. ‘பழம்’ என்பதை ‘பளம்’ என்பது எங்களில் பலரின் அன்றாடப் பேச்சு. அதைக் குறைபாடு என்று பதிந்துவிட்டால், இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் கிளினிக் அலைய வேண்டியதுதான்.

இந்த அளவுகோலை யார் செய்வது? பேச்சு மொழிச் சிகிச்சையில் உயர் கிளினிக்கல் கலாநிதிப் பட்டம் என்ற பேச்சு வன்னிக்குப் பொருந்துவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் இந்தத் தொழிலைச் செய்ய முதுமாணிப் பட்டமும் தொழிற்சான்றும் போதும். அதற்கு மேல், பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கென பிட்ஸ்பேர்க், நோர்த்வெஸ்டர்ன் போன்ற பல்கலைக்கழகங்கள் கிளினிக்கல் கலாநிதிப் பட்டத்தை வழங்குகின்றன. வழமையான ஆய்வுக் கலாநிதிப் பட்டத்திலிருந்து இது வேறுபட்டது. தன் கிளினிக்கில் தினமும் முட்டி நிற்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு நடைமுறைத் தீர்வு காண்பதே இதன் மையம். எங்களுக்கு வேண்டியதும் அந்த வகை ஆள்தான்.

இந்தத் துறை வளர்ந்த வரலாற்றில் எங்களுக்கு உறுத்தக்கூடிய ஒரு விடயம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் தலையில் குண்டுச் சிதறல் பட்டுப் பேச்சிழந்த படையினரை வைத்தே சோவியத் ஆய்வாளர் லூரியா மூளைக்கும் மொழிக்குமான உறவை விரிவாக எழுதினார். அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகளில் பேச்சுச் சிகிச்சையும், செவியியல் என்ற புதிய துறையும் அதே போரால் வளர்ந்தன. போர் அங்கே ஒரு மருத்துவத்துறையை விட்டுச் சென்றது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போர் எங்களுக்கு எதை விட்டுச் சென்றது? காலையும் கையையும் இழந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஷெல் வெடிப்பில் செவிப்புலன் போன ஒரு மூன்று வயதுப் பிள்ளை, மொழி படியும் ஆண்டுகளை மெனிக்பாம் கூடாரத்தில் கழித்திருக்கும். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்த வயதினர் இன்று இளைஞர்கள்.

பேச்சுச் சிகிச்சை என்றால் திக்குவாய்க்கு வைத்தியம் என்றே பலர் நினைக்கிறோம். விழுங்குவதும் இவர்கள் பொறுப்புத்தான். பாரிசவாதம் வந்தவருக்கு அன்போடு பருக்கும் கஞ்சி தொண்டையில் வழிமாறி நுரையீரலுக்குள் போய் நியூமோனியாவில் முடியலாம். எந்தத் தடிப்பில் கொடுக்கலாம், தலையை எப்படி வைக்கலாம் என்று சொல்லித்தரும் ஆள் பக்கத்தில் இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

இலங்கையில் இதற்கான பயிற்சி 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் டிப்ளோமாவாகத் தொடங்கி, 2008இல் பேச்சு, செவிப்புல விஞ்ஞானத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பாக மாறியது. படிப்பு ஆங்கிலத்தில். மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாத பிள்ளை அடுத்து எதை எழுதுவது என்று தேடும்போது, இப்படியொரு பாடநெறி கையேட்டில் இருப்பதை எத்தனை பாடசாலைகளில் எடுத்துச் சொல்கிறோம்? கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கிய கொழும்பு ரயில் ராகம வழியாகத்தான் போகிறது.

அதற்குப் பிறகு ஏணி மெலிகிறது. மேற்படிப்புக்கு மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவிப்புல நிறுவனம், சென்னை ஸ்ரீராமச்சந்திரா போன்றவை உண்டு. தூரத்தால் எங்களுக்கு அவை நெருக்கம். அமெரிக்கக் கட்டணம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியே படிக்கப் போனவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியும் நியாயமானது. 2022 நெருக்கடிக்குப் பின் சுகாதாரத்துறையிலிருந்து எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

ஆனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது. நெதர்லாந்து உதவியுடன் மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் கட்டப்பட்ட புனர்வாழ்வு நிலையம் 2024 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு நாடா வெட்டுவது இலகு. மூளைக்காயம், பாரிசவாதம், பிள்ளைகளின் பேச்சுத் தாமதம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ்ப் பார்த்து, அங்கு வருபவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஓர் அளவுகோலை உருவாக்க மாங்குளத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாவட்டத்துக்கும் நடுவில், ஏ-9 வீதியிலேயே இருக்கிறது.

புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபமும் மதிலும் கட்டித் தருகின்றன. ஒரு மதிலின் செலவை, ஏற்கனவே வடக்கில் வேலை செய்யும் ஒரு சிகிச்சையாளரின் முதுமாணிப் படிப்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம். குறிப்பிட்ட வருடங்கள் வன்னியில் சேவை, ஆய்வு இங்குள்ள பேச்சுத் தமிழில் என்ற இரண்டு நிபந்தனைகளோடு கொடுக்கலாம். கலாநிதிப் பட்டம் அதற்கு அடுத்த படி. மாகாண சுகாதாரத் திணைக்களம் அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று: அவர் திரும்பி வரும் நாளில் அவருக்கென ஒரு ஆளணி இடம் பட்டியலில் இருக்க வேண்டும்.