கடனில்லாத பந்தி



இடம்பெயர்ந்த வாழ்வு ஒரு குடும்பத்திடமிருந்து எவற்றைப் பறித்தது என்று கேட்டால், காணி, வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம் என்று விரல் மடித்துச் சொல்வோம. அந்தக் கணக்கில் நாம் சேர்க்க மறந்துவிடும் ஒன்று உண்டு. பிறரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் பாக்கியமே அது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களும் இதை அறிவார்கள். கோப்பையை ஏந்தி வரிசையில் நின்றோம். யாரோ அளந்து போட்டதை உண்டோம். பசி ஓரளவு தீர்ந்தது. ஆனால், "வாங்கோ, இருங்கோ, இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டுப் பழகிய வாய்கள் மௌனமாயின. தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சோறு போட்ட கமக்காரன் நிவாரண அட்டையில் ஓர் இலக்கமானான்.

ஆகவே, வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் முற்றத்திலோ, காணி இன்னமும் விடுபடாமல் உறவினர் வளவில் போட்ட கொட்டிலிலோ ஒரு குடும்பம் பத்துப் பேரை அழைத்துப் பந்தி வைக்கும்போது, வாங்கிய கை மறுபடியும் கொடுக்கும் கையாகிறது. பிள்ளையின் முதல் நன்மை, திருமுழுக்கு, சாமத்திய வீடு, குடிபூரல், பிறந்தநாள் எதுவாயினும் சரி, விருந்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கடனில் வைத்தால், கொடுத்த கை அடுத்த வாரமே மீண்டும் ஏந்திய கையாகிவிடும். இதைக் குறித்தே இம்முறை உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இந்த நிலையிலும் கொண்டாட்டமா?

"உண்ணவே வழியில்லை, இதற்குள் கொண்டாட்டம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அபிவிருத்திப் பணியில் உள்ளவர்கள் சிலரும் செலவைக் குறைக்கும் ஆலோசனையில் முதலில் விழாக்களையே வெட்டிவிடுகின்றனர். இது முழு உண்மையல்ல. இழப்பையே பேசி வளரும் பிள்ளைக்கு, தன் பெயரால் வீடு மகிழ்ந்த ஒரு நாள் நினைவில் இருக்க வேண்டும்.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்களுக்குக் காணி கிடைக்கவில்லை, வீடு கிடைக்கவில்லை, மறுநாள் எங்கே உறங்குவோம் என்பதும் தெரியவில்லை. அந்த இரவில் ஆண்டவர் அவர்களை விருந்து உண்ணச் சொன்னார். கோவிலில் அல்ல, அரண்மனையிலும் அல்ல, அவரவர் வீட்டில். அதே கட்டளையில் ஒரு சிக்கனக் கணக்கும் உண்டு. ஓர் ஆட்டுக்குட்டியை உண்ண வீட்டில் ஆட்கள் போதாவிட்டால் அயல்வீட்டாரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். உண்பவர்களை எண்ணி, அதற்கேற்ப ஆட்டைத் தெரிய வேண்டும். மகிழ்ச்சியும் கணக்கும் ஒரே கட்டளையில் இணைந்திருப்பதைக் கவனியுங்கள். இடம்பெயர்ந்த மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து முறை வேறு வேண்டுமா?

கடன் வாங்கிய மகிழ்ச்சி

இன்று நம் கிராமங்களில் நடப்பது என்ன? மண்டபம், மேடை, அலங்கார வளைவு, வாடகைச் சோடனை, மூன்று தடவை உடுப்பு மாற்றம், வீடியோ, அல்பம், வெளியிலிருந்து வரும் சாப்பாடு. பூப்பெய்திய சிறுமி பாடசாலைக்குப் போகாமல் படப்பிடிப்புக்குப் போகிறாள். அவளுக்கு இது விருப்பமா என்று எவரும் கேட்பதில்லை. செலவைப் பார்த்தால், வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடு வைத்த அளவுகோலில் நாட்கூலிக்குப் போகும் வீடும் தன்னை அளக்கிறது. முதலில் தாயின் தோடு அடகுக்குப் போகிறது. பின்னர் கைமாற்று. அதன்பின் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன்.

இந்த நுண்கடனின் கொடுமையை நாடே அறியும். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை செல்வதாகச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்று அடைக்க முடியாதிருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. இக்கடன்கள் எல்லாம் விழாவுக்கு வாங்கியவை அல்ல. தொழிலுக்கும், வீட்டுச் செலவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் வாங்கியவர்கள் பலர். ஆகவே இதைச் சொல்லி ஏழைகளைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். ஆனால் தவிர்க்க முடியாத கடன்களே இத்தனை இருக்கும்போது, தவிர்க்கக்கூடிய ஒன்றையும் ஏன் தலையில் ஏற்ற வேண்டும்?

2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடைசெய்தபோது விளைச்சல் விழுந்தது. 2022இல் விலைவாசி எல்லாருடைய அடுப்பையும் சுட்டது. அரச கொள்கை ஒன்று தவறினால் ஒரு போகமே கையை விட்டுப் போகிறது என்பதைக் கண்டோம். அப்படிப்பட்ட காலத்திற்கென்று வீட்டில் இருக்க வேண்டியது விதைநெல். ஒரு ஏக்கர் விதைக்க 2 முதல் 3 புசல் வரை வேண்டும். அதை விற்று மேடைக்குச் சோடனை செய்தால், ஒரு மாலைப் பொழுதுக்காக அடுத்த காலபோகத்தையே விற்றதாகும்.

எளிமை வேறு, ஏழ்மை வேறு

எளிமையான விருந்து என்றதும் அரைகுறையான விருந்து என்று நினைக்க வேண்டாம். அழகு காசில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. நம் மூத்தோர் இதை நன்கு அறிந்திருந்தனர்.

கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றம். வாசலில் இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், குருத்தோலை. ஒரு மேசையில் தோய்த்து மடித்த வெள்ளைத் துணி, நிறைகுடம், குத்துவிளக்கு அல்லது திருச்சிலுவை, அருகில் வேலியில் பூத்த செவ்வரத்தை. மர நிழலில் பாயும், அயலில் இரவல் வாங்கிய கதிரைகளும். கை கழுவத் தண்ணீரும் துடைக்கத் துணியும். இவை ஒழுங்காக இருந்தால் அந்த வீட்டில் எதுவும் குறைவில்லை. குளத்துத் தாமரை இலையிலோ வாழையிலையிலோ சோறு போட்டால் பொலித்தீன் தாளும் வேண்டாம், கழுவும் வேலையும் இல்லை. உண்டபின் இலைகள் மாட்டுக்கோ பசளைக் கிடங்குக்கோ போகும்.

சமையலுக்கும் கணக்கு உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்குச் சராசரி 150 கிராம் அரிசி என்றால், 40 பேருக்கு 6 கிலோ. பருப்பு ஒன்றரைக் கிலோ. தோட்டத்துப் பூசணி, கத்தரி, முருங்கைக்காய், ஒரு கீரை, ரசம், மோர்மிளகாய், பயறு போட்ட பாயாசம். நாலு கறியை நன்றாகச் சமைத்தால் போதும். பத்துக் கறியை அவசரத்தில் கெடுத்து வைப்பதிலும் அது மேல். வருவோரை வரவேற்க, போத்தல் சோடாவுக்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ கொடுக்கலாம்.

பலகாரச் சூட்டை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே அயல் பெண்கள் கூடி மா இடித்து, அரித்து, பயத்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டபோது அங்கே நடந்தது சமையல் மட்டுமா? எத்தனை பகைகள் அந்த அடுப்படியில் ஆறின! ஆண்கள் பந்தல் போட்டு விறகு கொத்தினார்கள். பிள்ளைகள் தோரணம் பின்னினார்கள். சாப்பாட்டை வெளியில் சொல்லி எடுக்கத் தொடங்கியபோது, உணவோடு இந்த உறவையும் வெளியே கொடுத்துவிட்டோம்.

நேரமும் சுருங்கட்டும். ஒரு சிறு செபம், மூத்தவர் ஒருவரின் இரண்டு வார்த்தை ஆசி, பிள்ளைகளின் ஒரு பாட்டு, பின்னர் பந்தி. இரண்டு மணித்தியாலம் போதும். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். உறவுக்காரப் பெடியன் ஒருவனின் கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்தால் நினைவுக்கு ஆகும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், மனமுவந்து ஏற்கும் எளிமை மனிதனை விடுதலை செய்கிறது என்ற கருத்தை வலியுறுத்துகிறார். மனமுவந்து என்பதே இங்கு முக்கியம். இல்லாமையால் ஒடுங்கிப்போவது வேறு, இருப்பதை அழகாகப் பகிர்வது வேறு.

யாருக்கு இடம்?

விருந்தின் அழகைத் தீர்மானிப்பது கடைசியில் பந்தியில் இருப்பவர்களே. திரும்ப அழைக்க வல்லவர்களை அன்றி, ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்கும்படி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். தொடக்கத் திருச்சபைக்குக் கோவில் கட்டடம் இருக்கவில்லை. வீடுகளிலேயே அப்பம் பிட்கப்பட்டது. அங்கும் கொரிந்து நகரில், உள்ளவர்கள் முந்தி உண்டு வெறிகொள்ள, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைப் புனித பவுல் கடுமையாகக் கண்டித்தார்.

நம் பந்திகளில் பின்னே நிற்பவர்கள் யார்? போரில் கணவனை இழந்த தாய்மார் குசினியில் உழைக்கிறார்கள். ஆராத்தி எடுக்கவும் விளக்கேற்றவும் அவர்களை அழைப்பதில்லை. தன் பிள்ளையின் முதல் நன்மை நாளில் பெற்ற தாயே ஒதுங்கி நிற்பது எந்த வேதத்தில் உள்ளது? தனியே நின்று குடும்பத்தைத் தாங்கியவளின் கையை விட மங்களமான கை எது? அவளே முதல் விளக்கை ஏற்றட்டும்.

சாதி பார்த்துத் தனிப் பந்தி வைப்பதும் ஒழியட்டும். மரக்கறிப் பந்தியாக வைத்தால் சைவ அயலவரும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இன்று திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் அயலவரும் தயக்கமின்றி நம்மோடு இருப்பர். மதுப் போத்தல் பந்தலுக்குப் பின்னாலும் வேண்டாம். பிள்ளைக்கென்று வைத்த விழா அடிதடியில் முடிந்தால் பிள்ளையின் நினைவில் எஞ்சுவது எது?

சனம் என்ன சொல்லும்?

இந்தக் கேள்விக்குத் தனி ஒரு குடும்பம் பதில் சொல்ல முடியாது. ஊரே சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அதற்கான வழியும் நம்மிடமே உண்டு. பல கிராமங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. சாவீடு என்றால் கதிரை, தறப்பாள், கிடாரம், விளக்கு எல்லாம் சங்கத்திலிருந்து வருகின்றன. அயலார் சமைத்துக் கொடுக்கிறார்கள். எவரும் அதை அவமானமாகக் கருதுவதில்லை. துக்கத்தில் கூடத் தெரிந்த நாம் மகிழ்ச்சியில் மட்டும் ஏன் தனித்து நின்று கடன்பட வேண்டும்? அதே கதிரையும் கிடாரமும் நல்ல காரியத்துக்கும் வரட்டும். மாதர் சங்கங்களும் பங்குச் சபைகளும் இதைத் தமது அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

பங்குகளிலும் சில ஒழுங்குகள் செய்யலாம். முதல் நன்மைத் திருநாளை அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் பங்குனி, சித்திரைக் காலத்தில் வைக்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமான எளிய வெள்ளை உடை போதும். அதை ஊர்த் தையற்காரப் பெண்களே தைக்கட்டும். அன்பளிப்பாக என்வலப்புக்குப் பதில் ஒரு மாங்கன்று, ஒரு பேட்டுக்கோழி, ஒரு கொத்துப் பயறு கொடுக்கலாம். வெளிநாட்டு உறவினர் வீடியோவுக்குக் காசு அனுப்ப முன்வந்தால், கிணறு இறைக்கவோ வேலி அடைக்கவோ பிள்ளையின் பெயரில் வங்கியில் இடவோ கேளுங்கள்.

கானாவூர்க் கல்யாண வீட்டில் இரசம் தீர்ந்தபோது அதை முதலில் கண்டவர் அன்னை மரியாள். அவர் ஊருக்குச் சொல்லிச் சிரிக்கவில்லை. சொல்ல வேண்டிய ஒருவரிடம் மெதுவாகச் சொன்னார். வேலையாட்கள் செய்ததும் ஆறு கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பியதே. அந்த வீட்டின் மானம் காக்கப்பட்டது. அயல்வீட்டில் குறை கண்டால் நாம் செய்ய வேண்டியதும் இதுவே. குறை பேசும் வாயை மூடி, ஒரு குடம் தண்ணீரோடு அடுப்படிக்குப் போவோம்.

வருகிற அறுவடைக்குப் பின் உங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் இருந்தால், முதலில் விதைநெல்லை அளந்து புறம்பாக வையுங்கள். மிஞ்சியதை எண்ணுங்கள். அதற்கேற்ப ஆட்களை அழையுங்கள். பத்துப் பேரானாலும் வாசலில் நின்று வாயார அழையுங்கள். மறுநாள் காலையில் கடன்காரன் வராத வாசலைக் கூட்டும்போது, அந்தப் பந்தியின் நிறைவை நீங்களே உணர்வீர்கள்.