அந்த 77 நாட்கள்

1997 நவம்பர் 29-ஆம் தேதி கோவையின் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டதற்கும், 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி அதே நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டதற்கும் இடையே 77 நாட்கள் இருந்தன. பல மதங்களும் பல ஜாதிகளும் நெருங்கி வாழும் இத்தேசத்தில் வகுப்புக் கலவரத்தைத் தடுப்பது எங்ஙனம் என்று ஒவ்வொரு விபரீதத்துக்குப் பிறகும் எழுப்பப்படுகிற கேள்விக்கு, நம் ஊரைப் பொறுத்தமட்டில் விடை அந்த 77 நாட்களில்தான் இருக்கிறது என்பது எமது திடமான அபிப்பிராயம்.

காவலரைக் கொன்றவர்கள் அல்-உம்மா என்ற முஸ்லிம் தீவிரவாத இயக்கத்தைச் சார்ந்த ஒரு சிலர். அவர்களைப் பிடித்துத் தண்டிப்பதோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம், ஒரு சமூகம் முழுவதன் தலையிலும் சுமத்தப்பட்டது. ஊரைக் காக்க வேண்டிய காவலர்கள் பணியைப் புறக்கணித்து வீதியில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் கும்பலின் வெறியிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. காயமுற்றவர்களை அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தபோது அதன் வாசலிலேயே மறித்துத் தாக்கினார்கள் என்பதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடுவது அதர்மம்.

பிறகு வந்த நாட்களில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது. அதையே சமாதானம் என்று சர்க்காரும் ஜனங்களும் எண்ணிக்கொண்டார்கள். காவலரைக் கொன்றவனையும், அந்தப் பதினெட்டுப் பேரைக் கொன்றவனையும் ஒரே வேகத்தில், ஒரே தராசில் நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்ற நம்பிக்கை, முஸ்லிம்கள் நெருங்கி வாழும் கோட்டைமேட்டில் அப்போதே பிறந்திருக்க வேண்டும். அது பிறவாத இடத்தில், பழி தீர்த்துத் தருகிறேன் என்று இரகசியமாக வருகிறவனின் பேச்சு எடுபட்டுவிடுகிறது. இப்படிச் சொல்வதனால் பிப்ரவரியில் குண்டு வைத்த அல்-உம்மாவினரின் பாதகம் இம்மியும் குறைந்துவிடாது. ஆர்.எஸ். புரத்தில் பா.ஜ.க. தலைவர் எல்.கே. அத்வானி பேசவிருந்த தேர்தல் கூட்டத்தைக் குறிவைத்தார்கள். அவருடைய விமானம் தாமதித்ததால் அவர் தப்பினார். மாண்டவர்களோ கடைத்தெருவுக்கு வந்தவர்களும் வழியே போனவர்களுமான நிரபராதிகள். நவம்பரில் காயமுற்றவர்களை வாசலில் தாக்கிய அதே மருத்துவமனை வளாகத்திலும் பிப்ரவரியில் ஒரு குண்டு வெடித்தது. நோயாளிக்கு மதமில்லை என்ற ஆதி தர்மத்தை இரு தரப்பு வெறியர்களும் ஒரே இடத்தில் மீறினார்கள்.

வியாபாரமே சமாதானத்துக்குக் காவல் என்று நம்பியிருந்த ஊர் இது. கொடுக்கல் வாங்கலில் இந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் அண்டியிருந்தார்கள் என்பது மெய். ஆனால் அதே கடைவீதியின் நடைபாதையில் அவர்களே போட்டியாளர்களாகவும் நின்றார்கள். பல ஜாதியாரையும் மதத்தாரையும் ஒரே கூலிக் கோரிக்கைக்காக ஒரே பந்தலில் உட்கார வைத்த பஞ்சாலைத் தொழிற்சங்கங்களோ, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, க்ஷீணித்துப் போயின. கோழிக்கோட்டையும் அலிகரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே, இரு மதத்தாரும் கலந்து அங்கம் வகிக்கும் சங்கங்கள் வலுவாக உள்ள நகரங்களே வதந்தியையும் ஆத்திரத்தையும் தாங்கி நிற்கின்றன என்று காட்டியிருக்கிறார். தெருவில் முகமன் கூறிக்கொள்ளும் சிநேகம் மட்டும் அதற்குப் போதாது.

நீதியின் நடையும் மந்தமாகவே இருந்தது. இந்நிகழ்ச்சிகளை விசாரித்த நீதிபதி கோகுலகிருஷ்ணன் கமிஷனின் அறிக்கை 2000-இல் சட்டசபைக்கு வந்தது. குண்டுவெடிப்பு வழக்கின் தீர்ப்பு 2007-இல்தான் வந்தது. அவ்வழக்கில் கைதாகி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதனி அத்தீர்ப்பில் விடுதலையானார். குடும்பத்தைப் பறிகொடுத்தவருக்கும், குற்றம் நிரூபிக்கப்படாமல் சிறையில் வாடியவருக்கும் இத்தாமதம் ஒருசேர இழைத்தது அநீதியே.

2022 அக்டோபர் 23-ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில், கோட்டை ஈஸ்வரன் கோயிலின் முன் வெடிபொருளுடன் வந்த ஒரு கார் வெடித்து அதிலிருந்தவன் மாண்டான். பழைய வழியில் போயிருந்தால் ஊர் அன்றே எரிந்திருக்கும். எரியவில்லை. சில நாட்களில் அவ்வட்டாரத்து ஜமாத் நிர்வாகிகள் கோயிலுக்கே சென்று அர்ச்சகர்களைச் சந்தித்து, இச்செயலில் தங்களுக்கு உடன்பாடில்லை என்பதை உணர்த்தினார்கள். ஒருவன் செய்த குற்றத்தை அவனோடு நிறுத்திக்கொள்ள ஊர் கற்றிருந்தது.

ஆயினும் இந்தப் படிப்பினை நிலைத்துவிட்டதென்று நாம் இறுமாந்திருக்க இயலாது. 2016 செப்டம்பரில் இந்து முன்னணிப் பிரமுகர் ஒருவர் கொலையுண்டபோது, அவருடைய இறுதி ஊர்வலம் சென்ற வழியெல்லாம் கடைகள் உடைபட்டதையும் இதே ஊர்தான் கண்டது. ஆகவே கட்சிகள் பிணத்தைக் கொடியாக்கி ஊர்வலம் நடத்துவதைக் கைவிட வேண்டும். விநாயக சதுர்த்தி நெருங்கும்போது மட்டும் கூட்டப்படும் அமைதிக் குழுக்கள் வார்டுதோறும் ஆண்டு முழுவதும் கூட வேண்டும்; குடிநீரையும் சாக்கடையையும் பற்றிப் பேசவாவது இரு மதத்தாரும் அங்கே பழக வேண்டும். சர்க்காரோ, முதல் கொலை நடந்த மறுநாளிலிருந்து, கொன்றவன் எத்தரப்பாயினும், காக்கிச் சட்டையே அணிந்திருந்தாலும், ஒரே சட்டத்தை ஒரே வேகத்தில் செலுத்த வேண்டும். அந்த நாட்களில் செய்யத் தவறியதை ஆயிரம் காவலர்களைப் பிற்பாடு குவித்தும் ஈடுசெய்ய முடியாது.