பீர் இல்லாமலும் இறால் மொறுமொறுக்கும்!

சென்ற மாதம், லண்டனில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன், மனைவியோடும், அம்மாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்குப் பிடிக்குமே என்று, ஒரு கிலோ இறால் வாங்கி, உரித்துக் கொண்டிருந்தேன்.

'அத்தை... இன்னைக்கு நான் சமைக்கிறேன். அங்கே, பீர் ஊத்தி கரைச்ச மாவுல மீனை முக்கி பொரிப்பாங்க. அப்படி மொறுமொறுன்னு இருக்கும். அதே மாதிரி இறாலை செய்து தர்றேன்...' என்று சொல்லி, பையிலிருந்து பீர் பாட்டிலை எடுத்து, எங்க வீட்டு பிரிஜ்ஜில், பால் பாக்கெட் பக்கத்தில் வைத்தான்.

எனக்கு, 'பகீர்' என்றது. என் கணவர் குடியை விட்டு, ஒன்பது வருஷம் ஆகிறது. எத்தனை அடி, எத்தனை அடகுச் சீட்டுக்குப் பின் விட்டார் என்பது எனக்குத்தான் தெரியும். தினமும், தண்ணீர் எடுக்க அந்த பிரிஜ்ஜை திறப்பவர் அவர். உடனே பாட்டிலை எடுத்து, 'இதை வெளியே கொண்டு போயிடுப்பா' என்று, அவன் கையிலேயே கொடுத்து விட்டேன். நாத்தனாருக்கு முகம் சுண்டி விட்டது. 'சமையலுக்குத் தானே... பிள்ளை என்ன குடிக்கவா போறான்? எண்ணெயில் போட்டா எல்லாம் ஆவியாகிடும்' என்றார்.

ஆவியாகாது சகோதரிகளே! எண்ணெயில், இறால் இருப்பதே இரண்டு நிமிஷம். அதற்குள் எல்லாம் போய் விடாது; கொஞ்சமாவது தங்கும். குடியை நிறுத்த, சிலருக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதை சாப்பிடுகிறவர்களுக்கு, சாப்பாட்டில் கலந்த துளி மது கூட ஒத்துக்கொள்ளாமல், முகம் சிவந்து, வாந்தியும், படபடப்பும் வந்து விடும். என் கணவர் அதை சாப்பிட்ட காலத்தில், இருமல் மருந்தைக் கூட, 'பார்த்து வாங்கும்மா' என்று சொல்லி அனுப்பினார், டாக்டர். இப்போது மாத்திரை இல்லை. ஆனாலும், அந்த வாசனை என் அடுப்படியில் வரக் கூடாது என்பதில், நான் பிடிவாதம்தான். லண்டனில் அவர்கள் எப்படியும் செய்து சாப்பிடட்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மொறுமொறுப்புக்கு முக்கிய காரணம், பீரில் இருக்கும் காற்றுக் குமிழும், குளிர்ச்சியும். அது, பெட்டிக்கடை சோடாவிலும் இருக்கிறதே! பீர் ஊற்றினால், லேசாக ஒரு கசப்பு ருசியும், நல்ல நிறமும் கூடும். அதை இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கசப்பு நமக்கு எதற்கு?

அன்று நான் செய்தது இது தான்: ஒரு கப் மைதா, அரை கப் அரிசி மாவு, மிளகுத் தூள், உப்பு, கால் ஸ்பூன் பேக்கிங் பவுடர். இறாலை வால் விட்டு உரித்து, முதுகு நரம்பை எடுத்து, துணியில் ஈரம் போக ஒற்ற வேண்டும். இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள். ஈரம் இருந்தால் மாவு ஒட்டாது, எண்ணெயும் முகத்தில் தெறிக்கும். வயிற்றுப் பக்கம் இரண்டு கீறல் போட்டால், சுருளாமல் நீளமாக வரும். எண்ணெய் காய்ந்த பின்தான், ஜில்லென்ற சோடாவை மாவில் ஊற்ற வேண்டும். முன்னாடியே கரைத்து வைத்தால், காற்றெல்லாம் போய் விடும். தோசை மாவை விட சற்று இளக்கம் போதும். அடித்துக் கலக்கக் கூடாது. இழுவை வந்து, ரப்பர் மாதிரி ஆகி விடும். அங்கங்கே கட்டி இருந்தால் இருக்கட்டும். இறாலை வெறும் மாவில் புரட்டி, பிறகு இதில் முக்கி, ஐந்தாறாக போட்டு எடுக்க வேண்டும். மொத்தமாக கொட்டினால் எண்ணெய் ஆறி, மாவு எண்ணெய் குடிக்கும். எடுத்ததை ஒன்றன் மேல் ஒன்றாக குவிக்காமல், கண் தட்டில் பரப்புங்கள்.

சோடா வாங்க கடைக்குப் போனது, என் கணவர்தான். முதல் ஈடை எடுத்ததும், அடுப்படியில் நின்றபடியே நாலு சாப்பிட்டு, ஒன்றும் பேசாமல், இன்னும் இரண்டு எடுத்துக் கொண்டு போனார்.

நாத்தனாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அவர் மருமகள் மட்டும், 'ஒரு கப் மாவுக்கு எவ்வளவு சோடா அத்தை?' என்று, நேற்று லண்டனிலிருந்து கேட்டாள்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி.