காயத்துக்குப் பூசுங்கள், நிறத்துக்கு வேண்டாம்

மில்லர்புரத்தில் நாங்கள் வாரந்தோறும் கூடும் மொட்டைமாடியில் சென்ற மாதம் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கல்லூரி மாணவர்கள் எடுக்கும் குறும்படம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தலித் பெண் கூலி கேட்டு நிற்பதுதான் கதை. வசனம் எழுத நாங்களும் உதவியிருந்தோம். முதல் நாள் காலை நாங்கள் போனபோது, கதாநாயகியாக நடிக்கும் மாணவியின் முகம், கழுத்து, கைகளில் அவருடைய நிறத்தைவிடப் பல மடங்கு கருத்த ஃபவுண்டேஷனைப் பூசிக்கொண்டிருந்தார்கள். மேக்கப் பெட்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவியின் இயல்பான நிறமே அதுதான். அவருடைய அம்மா அளத்தில் உப்பு வாருகிறவர்.

ஏன் என்று கேட்டோம். "வெயில்ல வேலை செய்றவங்க கருப்பாத்தானக்கா இருப்பாங்க?" என்றார் இயக்குநர் தம்பி. கணக்குப்பிள்ளையாக நடிப்பவரும் அதே வெயிலில்தானே நிற்கிறார், அவருக்கு ஏன் பூசவில்லை என்று கேட்டோம். பதில் இல்லை.

தோழர்களே, நம் ஊரில் எல்லாச் சாதியிலும் கருப்பு உண்டு, மாநிறம் உண்டு, சிவப்பும் உண்டு. ஆளைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். சாதிக்கு ஒரு நிறத்தைக் கொடுத்து உதவியது சினிமாதான்.

'சிவாஜி' (2007) படத்தை நினைத்துப் பாருங்கள். பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவையை இரண்டு பெண் பாத்திரங்களுக்கு வைத்து, முகத்தில் கருப்பு பூசி, பார்த்ததும் சிரிக்க வைத்தார்கள். அதே படத்தின் ஒரு பாடலில் நாயகனின் தோலைக் கணினியில் வெள்ளையாக்கினார்கள். சிறப்பு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கருப்பு நகைச்சுவைக்கு, வெள்ளை சாகசத்துக்கு என்று ஒரே படத்தில் பாடம் எடுத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளை நடிகர்கள் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடைகளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

நம் பக்கம் நிற்கும் படங்களிலும் இது நடக்கிறது. 'ஜெய் பீம்' (2021) படத்தில் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸின் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் இருளர் பெண்ணாக அவரைக் காட்ட அவர் நிறத்தைக் கருப்பாக்க வேண்டியிருந்தது. அதே படத்தில் காவல் நிலையச் சித்திரவதையின் வீக்கமும் ரத்தமும்கூட மேக்கப்தான். அதைப் பார்த்து நாம் கூசினோம், கூச வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எளிது. காயம் ஒருவர் மீது இன்னொருவர் செய்தது. அதைக் காட்டினால் செய்தவர் யார் என்ற கேள்வி வரும். நிறம் பிறப்போடு வந்தது. அதைப் பூசிக் காட்டினால், அவதியும் பிறப்போடு வந்தது என்றாகிவிடும்.

மேக்கப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகனின் உடம்பில் பூசிய நீலம் யாருடைய தோல் நிறமும் கிடையாது. அது ஓர் அரசியல். அளத்திலும் காட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதம், வாருபலகை பிடித்துக் காய்த்த உள்ளங்கை, வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் சிவந்த கண். டிஷ்யூ பேப்பரும் பசையும் இருந்தால் பாத வெடிப்பைச் செய்துவிடலாம். மாணவர்களிடம் இதைச் சொன்னோம். ஃபவுண்டேஷனைக் கழுவிவிட்டுப் பாதத்தில் வேலையைத் தொடங்கினார்கள்.

இங்கே எங்கள் தவறையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி பிடித்து நின்ற மாணவியிடம், "நீயே நடிக்கலாமேம்மா?" என்று கேட்டுவிட்டோம். பெரிய நியாயம் செய்துவிட்டதாக எங்களுக்கு நினைப்பு. அவர் சொன்னார்: "எனக்கு நடிக்க வேண்டாம்க்கா. நான் கேமரா பண்ணணும்னுதான் இதுல சேர்ந்தேன். யாரும் கேக்கல."

நாங்களும் அவருடைய தோலைத்தான் பார்த்திருக்கிறோம். அவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் முதுகலைச் சமூகவியல் அன்று காலை எங்களுக்கு உதவவில்லை.

படம் எடுக்கும் தம்பி தங்கைகளே, முகத்தில் பூச்சு வைக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பூச்சு இவருக்கு நடந்ததைக் காட்டுகிறதா, இவர் பிறப்பைக் காட்டுகிறதா? நம் குழுவில் பெட்டி பிடிப்பது யார், கேமரா பிடிப்பது யார்? இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், முதல் கேள்வி பெரும்பாலும் எழாது.

அந்தக் குறும்படத்தின் பாதக் காட்சிகளை அந்த மாணவிதான் எடுத்தார். மேக்கப் போட்ட பாதத்தைப் பார்த்துவிட்டு, "வெடிப்பு இங்க வராதுக்கா, குதிகால் ஓரத்துலதான் வரும்" என்று திருத்தியதும் அவர்தான்.