உரிமம் வந்தது, எழுத்து வரவில்லை

நடுவண் அரசின் திறந்த தரவு உரிமம் ஒருவழியாக அரசிதழில் ஏறிவிட்டது. தரவுப் பகிர்வுக் கொள்கை 2012-இல் வந்தது. உரிமம் வர 2017 பிப்ரவரி ஆயிற்று. இடையில் கொடுத்தவரும் எடுத்தவரும் ஊகத்திலேயே காலம் தள்ளினர்.

வரைவில் பெரிய குறையில்லை. கட்டணம் கிடையாது, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம். மூலத்தையும் உரிமத்தையும் இணைய முகவரியோடு சுட்டினால் போதும். பல துறைத் தரவைக் கலப்பவர் சுட்டுப் பட்டியலைத் தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை, வேலை தெரிந்த யாரோ கைவைத்திருப்பதைக் காட்டுகிறது. கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை 4.0 இருக்க இன்னோர் உரிமம் எதற்கு என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுத் தரவோடு சேர்க்கும்போதெல்லாம் பொருத்தம் பார்க்கும் வேலை பயனர் தலையில் விழும். ஆனாலும் தரவுத்தொகுப்புகளுக்கு இதை ஏற்கலாம் என்பதே இவ்விதழின் நிலை.

நூல்களுக்கு வேண்டாம். அங்கே உரிமைகளை முழுதாகத் துறக்கும் சிசி0 போதும். நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் அப்படித்தான் ஏறின.

ஏறியவை பக்கப் படங்கள் என்பது வேறு கதை. எழுத்துணரி துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிவைக்க, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். தட்டச்சான கோப்பு கிடைத்தாலும் நிம்மதி இல்லை. ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் வந்து விழுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். திரையில் தமிழாகத் தெரிவதைத் தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. மறுபயன்பாட்டு உரிமையை வைத்துக்கொண்டு இதை என்ன செய்வது?

ஒருங்குறியும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கமும் அரசின் தரம் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி. உரிமம் வந்தபோதே அதற்கு ஏழாவது ஆண்டு. எத்தனை அலுவலகங்களில் பழைய எழுத்துரு இன்னும் கோலோச்சுகிறது என்பது இவ்விதழின் வாசகர்களுக்குத் தெரியும். ஆணையைப் போட்டவர்கள் அதை மேசைவரை கொண்டுபோகவில்லை. கேட்டால் தட்டச்சரைக் காட்டுகிறார்கள். தட்டச்சர் என்ன செய்வார், விசைப்பலகையை மாற்றிக்கொடுத்துப் பயிற்சி தந்தது யார்?

இலச்சினை, படைச் சின்னம், அடையாள ஆவணம் என்று விலக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்ட உரிமத்தில் எழுத்துக் குறியாக்கம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உரிம எல்லைக்கு வெளியே என்பார்கள். அப்படியானால் மாநிலத் துறைகள் தரவேற்றும் படிவத்திலாவது ‘ஒருங்குறியா?’ என்றொரு கட்டத்தைச் சேர்த்து, ‘இல்லை’ என வரும் கோப்பைத் திருப்பி அனுப்பட்டும்.